பெண்கள் ஞாயிறில் முதல்முறை செய்தி கொடுக்கப் போகிறீர்களா?

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கென்று ஒரு ஞாயிறு உண்டு. ஜெபம், பாடல், வேதவாசிப்பு, காணிக்கை எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிடும். செய்திக்கு, அதாவது பிரசங்கத்துக்கு மட்டும், “ஐயரம்மாவே (போதகரின் மனைவியே) பேசட்டும்” என்று எல்லோரும் ஒதுங்குவார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் விடுவதில்லை. பேச ஒத்துக்கொள்கிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

“பெண் பிரசங்கம் பண்ணலாமா?” என்று யாராவது கேட்டால் நீண்ட வாக்குவாதம் வேண்டாம். ரோமர் 16:1-ல் பெபேயாளை சபையின் ஊழியக்காரி என்கிறார் பவுல். நம் தென்னிந்தியத் திருச்சபையிலேயே 2013-ல் புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயரானார். இது போதும், செய்தியைத் தயார் பண்ணுங்கள்.

சேவை செய்த ஒருவருடைய வாக்கை எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கம். வேலூர்ப் பக்கத்துக்காரி நான், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரைத்தான் சொல்வேன். “முதலில் யோசியுங்கள், பிறகு துணியுங்கள். விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். செலவைக் கணக்குப் பாருங்கள்” என்றார் அவர். இதைக் கடைசியில் அலங்காரமாக வாசித்துவிட்டு இறங்காதீர்கள். அவர் அப்படி வாழ்ந்தாரா என்று தேடிப் பாருங்கள்.

ஐடா திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதால் இறந்துபோன கதை நம் சபையாருக்கு ஞாயிறுபள்ளியிலிருந்தே தெரியும். சுருக்கமாகச் சொல்லுங்கள். நிறுத்திப் பேச வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. ஐடா அம்மா அழுதுவிட்டு மட்டும் இருக்கவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். மறுவருஷம் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி. குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம். 1918-ல், நாற்பத்தேழு வயதில், பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. யோசித்ததும் துணிந்ததும் இந்த வருஷங்களில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் தைரியம் வரும்.

வசனத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். கோபுரம் கட்டுகிறவன் முன்பே உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதை இயேசு சொல்வது லூக்கா 14:28. வசனம் முதலில், ஐடா அம்மா அதற்குப் பின்னால். இந்த வரிசை மாறினால் அது வாழ்க்கை வரலாற்றுப் பேச்சாகிவிடும்.

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். வீட்டில் மாமியாரையோ அம்மாவையோ உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுருங்குகிற இடத்தைத் திருத்துங்கள். சனிக்கிழமை சாயங்காலமே கோயிலுக்குப் போய் மேடையில் நின்று பாருங்கள். மைக் ஐயருடைய உயரத்துக்கு இருக்கும். அதைப் பார்க்கிற தம்பியிடம் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைசி வரிசைப் பாட்டிகளுக்கு ஒன்றும் கேட்காது.

முடிக்கும்போது சபையாரிடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள். எங்கள் ஊரில், மாதப் பரிசோதனைக்குத் துணையில்லாமல் போகிற கர்ப்பிணிகளோடு யார் வருகிறீர்கள் என்று ஓர் அக்கா கேட்டார். அன்றைக்கே பெயர் எழுத நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் வாசலில் நிற்கட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.