கத்திரி வெயிலில் மைதானத்தில் இறங்குவோர் கவனத்திற்கு

கோடை விடுமுறையில் கிரிக்கெட், கபடிப் பயிற்சிகளில் சேரும் பிள்ளைகளுக்கு வெப்ப பாதிப்பு நேரும் ஆபத்து முதல் சில நாள்களில்தான் அதிகம். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும் என்பதால், முதல் நாள் அரை மணி நேர எளிய பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, நேரத்தையும் வேகத்தையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். காலில் பேடும் தலையில் ஹெல்மெட்டும் உடல் சூட்டை வெளியேற விடாமல் தடுப்பதால், தொடக்க நாள்களில் அவை தேவைப்படாத டென்னிஸ் பந்தை வைத்துப் பயிற்சி செய்வதே நல்லது.

காலை எட்டரை மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் ஆடலாம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வெப்பநிலை வேலூரைவிடக் குறைவாக இருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. உடலைக் குளிர்விப்பது வழிந்து சொட்டும் வியர்வை அன்று, ஆவியாகும் வியர்வையே. புழுக்கத்தில் அது எளிதில் ஆவியாவதில்லை.

தண்ணீரைக் கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் உப்பிட்ட நீர்மோர் ஏற்றது. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் வியர்வையில் நாம் முக்கியமாக இழக்கும் சோடியம் குறைவு என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் ஆட்டத்தை நிறுத்திக் காலை மெல்ல நீட்டிவிட்டு நீர்மோர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஒருவர் தடுமாறி நடந்தாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடியாடி வரும் வெப்பவாதத்தில் உடம்பு வியர்த்துக்கொண்டே இருக்கக்கூடும். உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, பேடையும் காலணியையும் கழற்றி, வாளி வாளியாகக் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் ஈரத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருப்பவர்கள் குணமாகும்வரை மைதானத்துக்கு வர வேண்டாம். வெப்பவாதம் வந்து மீண்டவர்கள், மறுநாளே நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், மருத்துவர் அனுமதித்த பிறகே மீண்டும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.