மலைப்பாதையில் ஆயில் பெயிண்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வீட்டிலேயே, பையை நிரப்பும்போது நடந்துவிடுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று இருபது டியூப், பத்து பிரஷ், பெரிய கேன்வாஸ், மடக்கு நாற்காலி எல்லாம் உள்ளே போகும். மூன்று மணி நேரம் ஏறிய பிறகு கை நடுங்கும்போதுதான் புத்தி வரும். பிழிகிற தகர டியூபை ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் கொண்டுவரும் வரை, வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப்போனார்கள். டியூப் வந்த சௌகரியம்தான் இன்று நம் தோளை அழுத்துகிறது. டைட்டானியம் வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், ஒரு பழுப்பு போதும். அவற்றையும் மூடியுள்ள தட்டில் வீட்டிலேயே பிழிந்துகொண்டால் டியூப்களே வேண்டாம்.

அடுத்தது, கண்ணில் பட்டதையெல்லாம் எட்டு அங்குலப் பலகைக்குள் அடைக்கப் பார்ப்பது. முதலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பென்சில் கட்டம் போட்டு, எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று மட்டும் குறியுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நிழல்களை அந்தக் கட்டத்தில் இருக்கிறபடியே முதலில் பலகையில் போட்டுவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் சரிவின் நிழல் வேறு இடத்துக்குப் போய்விடும். அதைத் துரத்திக்கொண்டே வரைந்த என் பழைய படம் ஒன்றில் இடப்பக்க மலைக்குக் காலை வெயில், வலப்பக்க மலைக்கு மதிய வெயில். இரண்டு சூரியன் உள்ள ஊர்!

நிறத்தில் வரும் தவறு கொஞ்சம் நுட்பமானது. தூரத்து மலை நீலமாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தூரத்துப் பனிச்சிகரத்துக்கும் நீலம் பூசிவிடுகிறோம். நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிக்கிறது. இருண்ட பாறையின் மேல் அந்தச் சிதறல் படிந்து நீலமாகத் தெரிகிறது. வெயில் பட்ட வெண்பனியிலிருந்து வரும் ஒளியோ வழியில் தன் நீலத்தைக் கொஞ்சம் இழந்து, லேசாக மஞ்சள் தட்டி வந்து சேர்கிறது. ஆகவே தூரத்துப் பனிக்கு வெள்ளையில் ஊசிமுனை அளவு மஞ்சள் சேர்த்துப் பாருங்கள். சிகரம் பின்னால் போய் நிற்கும். சந்தேகம் வந்தால் கலந்த நிறத்தைக் கத்தி நுனியில் எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி மலையோடு ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலகை மேல் நேர் வெயில் படக்கூடாது. அந்தப் பளபளப்பில் நிறத்தை இருட்டாகவே கலப்போம். வீட்டில் பார்த்தால் படம் கரியாக இருக்கும். பலகையும் தட்டும் ஒரே நிழலில் இருக்கட்டும். கூலிங் கிளாஸ் வேண்டாம். சிவப்புச் சட்டையும் வேண்டாம். அதன் சாயல் ஈரப் பலகையில் விழும். அப்புறம், பலகையைத் தாங்கும் ஈஸல் மேல் ஈசல் வந்து ஈர வண்ணத்தில் ஒட்டினால் பிடுங்காதீர்கள். காய்ந்த பிறகு நகத்தால் சுண்டினால் போய்விடும்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதற்கு நாள்கணக்காகும். இதை மறந்து பலகையைப் பைக்குள் செருகியவர்கள் உண்டு. இரண்டு பலகைகளை எதிரெதிராக வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்து ரப்பர் பேண்ட் போட்டால் பத்திரமாக இறங்கும். பிரஷ் கழுவும் டர்பன்டைனை ஓடையிலோ பாறையிலோ ஊற்றாதீர்கள். மலையில் பிரஷைத் துணியில் துடைத்தாலே போதும். ஆனால் வண்ணத்தில் உள்ள ஆளி எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

கடைசியாக, 'இன்னும் பத்தே நிமிடம்' என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது. பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1906 அக்டோபரில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது புயல் மழையில் மாட்டி, சில நாட்களில் நிமோனியாவில் இறந்துபோனார். மலையில் இடிமேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். விடியலில் ஏறி, அதற்குள் இறங்கிவிடுவது நல்லது. நாலு துளி மழைக்கு எண்ணெய்ப் படம் பெரிதாகக் கெடாது. இடி கேட்டால் பெட்டியை மூடுங்கள், மீதி வானத்தை வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.