2 முதலை எப்போது வரும்? பழைய மெக்சிகோவின் நாள்காட்டியையும் மடிப்புச் சுவடியையும் வகுப்பில் நடத்தும் முறை

இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கும். 260 நாள் சுற்றில் 13 எண்கள், 20 பெயர்கள் என்று சொன்னதும், பிள்ளைகள் பெயரை மாதம்போல நிறுத்திவைத்து எண்ணை மட்டும் நகர்த்துவார்கள்: 1 முதலை, 2 முதலை, 3 முதலை. உண்மையில் பொழுது விடிந்தால் இரண்டுமே நகரும்: 1 முதலை, 2 காற்று, 3 வீடு. இதற்கு இரண்டு பல்சக்கரம் கோத்துச் சுழலும் படத்தைக் காட்டித் தொடங்க வேண்டாம். அதைப் பார்த்து அட்டையில் பிள்ளைகள் வெட்டும் பற்கள் ஒரே அளவில் அமையாது. ஏழெட்டுச் சுற்றிலேயே சக்கரம் தவறிவிடும்.

"ஏல, இன்னைக்கு என்ன கிழமை, என்ன நட்சத்திரம்?" என்று கேளுங்கள். வெள்ளி, ரோகிணி என்றால் நாளை சனி, மிருகசீரிடம். ஒன்று மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. தினசரி நாட்காட்டியைக் கிழித்துப் பழகிய பிள்ளைக்கு இது போதும். நட்சத்திரத்தின் நேரம் கூடிக் குறையும், 13–20 கணக்கில் அது கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து வட்டப் பயிற்சி. 33 பேர் வேண்டும். குறைந்தால் ஒருவரே இரண்டு அட்டை வைத்துக்கொள்ளலாம். உள்வட்டத்தில் 13 பேர், எண் அட்டையோடு. வெளிவட்டத்தில் 20 பேர், பெயர் அட்டையோடு. அஸ்டெக் உள்ளிட்ட நஹுவா மக்களின் வரிசை இது: முதலை, காற்று, வீடு, ஓணான், பாம்பு, சாவு, மான், முயல், நீர், நாய், குரங்கு, புல், நாணல், ஜாகுவார், கழுகு, பிணந்தின்னிக் கழுகு, அசைவு, சக்கிமுக்கிக்கல், மழை, பூ. ஜாகுவார் என்றதும் வரிப்புலி வரைவார்கள். அதற்கு வரி கிடையாது, புள்ளிதான்.

உள்ளே "1" கையில் சிவப்புத் துண்டு, வெளியே "முதலை" கையில் பச்சைத் துண்டு. ஒரு கைதட்டு ஒரு நாள். தட்டியதும் இரண்டு துண்டும் ஒரே திசையில் ஓர் ஆள் நகரும். கையில் துண்டு உள்ள இருவரும் உரக்கச் சொல்ல, ஒருவர் பலகையில் எழுத வேண்டும். 13 தட்டில் சிவப்பு மறுபடி 1-க்கு வரும், ஆனால் பச்சை ஜாகுவாரிடம் நிற்கும். 20 தட்டில் பச்சை முதலைக்குத் திரும்பும், சிவப்பு 8-இல் இருக்கும். 40 தட்டு வரை விடாமல் போங்கள். இரண்டாம் நாள் என்று அவர்கள் நினைத்த "2 முதலை" 41-ஆம் நாளில் வந்து நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தி, பலகையைப் பார்க்க விடுங்கள்.

மீதியைக் கணக்கு வகுப்பு பார்த்துக்கொள்ளும். 13, 20 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 260. அதோடு 365 நாள் ஆண்டும் (20 நாளாக 18 மாதம், மேலே 5 நாள்) ஓடியது. 260-க்கும் 365-க்கும் 5 பொதுக்காரணி, ஆகவே இரண்டும் தொடங்கிய இடத்திலேயே சேர 18,980 நாள், அதாவது 52 ஆண்டு. அஸ்டெக் மக்கள் அப்போது பழைய தீயை அணைத்துப் புதுத்தீ மூட்டினார்கள், கடைசியாக 1507-இல்.

பிறந்தநாள் கணக்குக்குப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். 21 டிசம்பர் 2012, தென்கிழக்கு மெக்சிகோப் பக்கத்து மாயர் மக்களின் கணக்கில் 4 அஹாவ் (அஹாவ் அவர்களுடைய இருபதாவது நாட்பெயர்). நஹுவா வரிசையில் அது 4 பூ. அதிலிருந்து பிறந்தநாள் வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 14 ஜனவரி 2014 என்றால் 389. அதை 13-ஆல் வகுத்தால் மீதி 12; 4 கூட்டினால் 16, அதில் 13 கழித்தால் 3. 389-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 9. ஒன்பதாவது பெயர் நீர். அந்தப் பிள்ளை 3 நீர். பெயருக்கு மீதி 0 வந்தால் பூ. விடை ஒன்று கூடுதலாக வந்தால் தொடக்க நாளையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். 2016, 2020 பிப்ரவரியில் 29 நாள், அதையும் பாருங்கள். தென் மெக்சிகோவின் மிஷ்டெக் மக்களுடைய சுவடிகளில் ஆட்களுக்கு இப்படித்தான் பெயர். அவர்களுடைய புகழ்பெற்ற அரசன் ஒருவன் "8 மான்".

பெயர் கிடைத்ததும் சுவடிக்குப் போகலாம். 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றில் 20 செ.மீ. உயரத்தில் நீளவாக்கில் இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. அகலத்தில் 7 பக்கம், மிச்சம் 1 செ.மீ. ஒட்டும் விளிம்பு. ஐந்து பேர் குழுவுக்கு ஒரு சுவடி, 14 பக்கம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள மாயர் சுவடியின் பக்கமும் ஏறத்தாழ 20 × 9 செ.மீ.தான். மடிக்குமுன் மை தீர்ந்த ரீபிளால் அளவுகோலை ஒட்டிக் கீறுங்கள். கீறாத சார்ட் மடிப்பில் வெடிக்கும். முதல் மடிப்பு உள்ளே, அடுத்தது வெளியே.

மூலச் சுவடிகள் அத்தி இனத்து மரப்பட்டைத் தாளிலோ மான்தோலிலோ வெண்பூச்சுப் பூசி எழுதப்பட்டவை. வகுப்பில் சுண்ணாம்பு வேண்டாம், கை பொத்துவிடும். வெள்ளை போஸ்டர் கலரை ஒரு பக்கத்துக்கு மட்டும் மெல்லியதாகப் பூசிக் காட்டினால் போதும். ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டபின் வண்ணம் தீட்டினால் மை கலங்கும். வண்ணம் முதலில், கறுப்புக் கோடு கடைசியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்ணம் காய ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.

சுவடியின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதை நம் ஊரிலேயே காட்டலாம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதன் மட்டையில் வெள்ளைப் பஞ்சுபோல அப்பியிருக்கும் பூச்சியைக் குச்சியால் எடுத்து வெள்ளைத்தாளில் நசுக்கினால் கருஞ்சிவப்பு இறங்கும். சாயத்துக்கென்று வளர்ப்பது வேறு இனம், அதில் சாயம் அதிகம். பறிப்பது ஆசிரியர் மட்டுமே. பெரிய முள்ளைவிட, கண்ணுக்குத் தெரியாத பொடி முள்தான் விரலில் ஏறி நாள்கணக்கில் உறுத்தும்.

வரைய வேண்டியது குடும்பத்தில் நடந்த ஒரு பயணம். நடந்த வழிக்குக் காலடித் தடம், பேச்சுக்கு வாயிலிருந்து சுருண்டு எழும் சுருள், ஆளின் அருகே நாட்பெயர், எண்ணுக்கு அத்தனை வட்டப் புள்ளிகள். மிஷ்டெக் முறையில் வலப்பக்கம் தொடங்கி, செங்கோடுகள் பிரித்துவிட்ட வழியே மேலும் கீழுமாகப் படிக்க வேண்டும். செங்கோட்டை முதலில் பென்சிலால் போட்டு, ஒரு முனை திறந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய கோட்டுக்குள் கதை சிக்கிக்கொள்ளும். முடித்ததைப் பக்கத்துக் குழுவிடம் கொடுங்கள். அவர்கள் படித்துச் சொல்லும் கதையைக் கேட்டே மதிப்பெண் போடுங்கள், ஓவிய அழகுக்கு அல்ல.

மாயர் நாள்காட்டி என்று பலர் சுவரில் ஒட்டும் வட்டக் கல் அஸ்டெக் மக்களுடையது. 1790-இல் மெக்சிகோ நகரில் தோண்டும்போது கிடைத்தது. அந்தப் படத்தை ஒட்டினால் பெயரைச் சரியாக எழுதி ஒட்டுங்கள்.