கேசட்டை ஊதாதீர்கள்

பரணிலிருந்து பழைய டிவி கேம் இறங்கியதும் கை பரபரக்கும். கிடைத்த அடாப்டரைச் செருகி ஸ்விட்சைப் போட்டுவிடுவோம். நாற்பது வருடம் தாங்கிய பெட்டி ஒரே நொடியில் செத்துப்போவது இப்படித்தான். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டிக்கு 10 வோல்ட் டிசி வேண்டும். அடாப்டர் பின்னின் உள்பக்கம் நெகட்டிவ். அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற என்இஎஸ் என்ற பெட்டியின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருவது. இரண்டும் ஒரே குடும்பம்தானே என்று மாற்றிச் செருகினால் ஃபேமிகாம் பழுதாகிவிடும். ஜப்பானிலிருந்து வரவழைத்த அடாப்டரென்றால் அது அவர்களுடைய 100 வோல்ட் கரண்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டுக்கு நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், ஊதுவது. தொண்ணூறுகளில் டிவி கேமில் செருகும் கேசட்டை ஊதாத பிள்ளை உண்டா! ஊதினால் படம் வந்ததே என்பீர்கள். வந்தது மூச்சால் அல்ல. கழற்றித் திரும்பச் செருகியபோது பின்கள் சரியாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். மூச்சிலும் எச்சிலிலும் உள்ள ஈரம் அந்தப் பின்களை மெல்ல அரிக்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாகவே வரும். வெள்ளையாக வரும்வரை துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள்.

மஞ்சளித்த பிளாஸ்டிக்கைப் பெராக்சைடு போட்டு வெளுக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். அந்த நிறம் அதன் வயது.

பழைய குண்டு டிவியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாத்து சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நின்ற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையிலுள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைத் தேடுகிறது. எல்சிடி டிவியில் படம் சற்றுத் தாமதித்தே வருவதால், எவ்வளவு குறிபார்த்தாலும் ஒரு வாத்தும் விழாது.

கையில் வைத்து ஆடும் கேம்பாயின் கேசட்டுகளில் பலவற்றுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. சேவ் செய்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். போகிமான் கோல்டு, சில்வர் ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீரப்போகிறதே என்று உடனே சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய கணமே சேவ் அழிந்துவிடும். கேசட்டிலிருந்து சேவைக் கணினிக்கு நகலெடுக்கும் கருவிகள் கிடைக்கின்றன. முதலில் அதைச் செய்யுங்கள். பத்து வயதில் நீங்கள் அடித்த பெயர் இன்னும் அதற்குள் இருக்கலாம்.