ஸ்பெயினுக்குப் போகிறீர்களா? ஒரு வட்டாரத்தைப் பிடித்து உட்காருங்கள்

பத்து நாள் லீவு கிடைத்தால் நம் ஆட்கள் போடும் ஸ்பெயின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: பார்சிலோனா மூன்று நாள், மாட்ரிட் மூன்று நாள், நடுவில் தொலேதோ, அப்புறம் செவியா, கிரனாடா, அங்கிருந்து ஊர் திரும்பல். என் முதல் பயணமும் இப்படித்தான். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்ததில் எனக்கு முழு நிறைவு. ஆனால் அந்த ஊர்களில் வசிக்கிறவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள், எதற்காகத் தெருவில் இறங்கி ஆடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல்தான் திரும்பினேன். இரண்டாவது முறை ஒரே ஊரில் எட்டு நாள் தங்கினேன். அதற்குப் பிறகு வேறு மாதிரி போக மனம் வரவில்லை. அப்படிப் போக நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பெயினில் 17 தன்னாட்சி வட்டாரங்கள் இருக்கின்றன. 1978 அரசியலமைப்புக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி அரசும் தனி நாடாளுமன்றமும் வந்துவிட்டன, சிலவற்றுக்குத் தனி ஆட்சிமொழியும் உண்டு. நாம் ஸ்பானிஷ் என்று சொல்லும் மொழியை அங்கே பலர் காஸ்தீலியன் என்பார்கள். அதோடு கத்தலான், கலீசியன், வலென்சியன், பாஸ்க் எல்லாம் பள்ளிக்கூடத்திலும் தெருப்பலகையிலும் இருக்கின்றன. இதில் பாஸ்க் மொழிக்கு உலகில் உறவுமொழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பாயெல்லா என்னும் சோற்று உணவு வலென்சியாக்காரர்களுடையது, ஃபிளமெங்கோ பாட்டும் ஆட்டமும் தெற்கே அண்டலூசியாவுடையது, வடமேற்கே கலீசியாவுக்குப் போனால் திருவிழாவில் ஊதுவது பேக்பைப். பார்சிலோனாவில் உட்கார்ந்துகொண்டு பாயெல்லாவும் ஃபிளமெங்கோவும் கேட்டால் இரண்டும் கிடைக்கும், ஆனால் அந்த ஊர் மட்டும் கிடைக்காது. ஆகவே நாட்டை விட்டுவிட்டு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வட்டாரம் என்பதை நீங்கள் போகும் மாதம் முடிவு செய்யட்டும். உதாரணத்துக்கு வலென்சியாவை எடுத்துக்கொள்கிறேன், நமக்கு ஒட்டிப்போகிற மண் அது. நெல் விளையும், ஆரஞ்சுத் தோப்புகள் இருக்கும், வாய்க்கால் பாசனம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகல் 12 மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வட்டமாக வந்து உட்காருவார்கள். அதுதான் தண்ணீர் நீதிமன்றம். எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். யார் முறை தவறி மடையைத் திறந்தார், யார் வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்ற வழக்குகளை அங்கேயே, வலென்சியன் மொழியில், வாய்மொழியாகவே கேட்டு அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பல நூற்றாண்டாக நடக்கும் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2009-ல் பட்டியலில் சேர்த்தது. பல வாரங்களில் வழக்கே இருக்காது, வாய்க்கால் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துவிட்டுச் சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார்கள். அதையும் நின்று பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடமே நிறையச் சொல்லும்.

மறுநாள் காலை பத்து, பத்தரைக்கு ஏதாவது ஒரு சாதாரண பாருக்குள் போங்கள். பார் என்றதும் தயங்க வேண்டாம், அங்கே பார் என்பது நம் டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்த இடம், பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். வலென்சியாவில் அந்த நேரத்துக்கு எஸ்மொர்சார் என்று பெயர். காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி, உள்ளே முட்டை, உருளைக்கிழங்கு, இறைச்சி என்று எதுவும் இருக்கலாம். பக்கத்தில் வேர்க்கடலையும் ஆலிவ்காயும் வைப்பார்கள், கடைசியில் ரம்மைக் கொளுத்தி அதன்மேல் காபியை ஊற்றித் தரும் கிரெமாயெட். கொத்தனார், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற வாத்தியார் எல்லாரும் அந்த நேரத்தில் அங்கேதான்.

பாயெல்லாவை மதியம் மட்டும் சாப்பிடுங்கள், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றித்தான் அந்த நெல் விளைகிறது, ஏரிக்கரையில் எல் பல்மார் என்ற ஊருக்குப் பஸ்ஸிலேயே போகலாம். ஊர்க்காரர்கள் செய்யும் பாயெல்லாவில் கோழி, முயல், பட்டை பீன்ஸ், கரோஃபோ என்னும் பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ இருக்கும். கடல் உணவும் இறைச்சியும் கலந்ததை அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடியில் முறுகலாகப் பிடித்திருக்கும் சோற்றுக்குச் சொகராட் என்று பெயர், நம் வீடுகளில் அடிப்பிடித்த சாதத்துக்கு நடக்கும் அதே போட்டி அங்கேயும் நடக்கும். மார்ச் 1 முதல் 19 வரை போனால் இன்னொன்று: தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்கிலெத்தா. பட்டப்பகலில் பட்டாசு வெடிப்பது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை, முழுக்கச் சத்தத்துக்காக, தாளம் ஏறி ஏறி நெஞ்சுக்குள் அதிரும். வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், கேளுங்கள்.

சரி, நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பயணிகள் தவறவிடுவது இதைத்தான். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். மாலை ஏழு மணிக்குச் சுடச்சுட இரவு உணவு தரும் கடை பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்காகத் திறந்திருப்பது. சின்ன ஊர்களில் இரண்டிலிருந்து ஐந்து வரை கடைகள் மூடிக்கிடக்கும், ஞாயிறும் அப்படித்தான். அந்த நேரத்தில் வெயிலில் அலையாமல் நீங்களும் போய்ப் படுங்கள், ஆறு மணிக்கு மேல் ஊர் முழுக்க நடக்கக் கிளம்பும்போது கூடவே நடங்கள். வார நாட்களில் மதியம் ‘மெனு தெல் தியா’ என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 12 முதல் 18 யூரோ. நம் அளவுச் சாப்பாடு மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுவது இது. அந்த வட்டாரத்தின் வீட்டுச் சமையலைக் குறைந்த காசில் ருசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் போதாது, பன்றித்தொடை ஹமோனைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, கலவை சாலட் என்றாலே மேலே சூரை மீன் வரும். ‘சின் ஹமோன், சின் அதூன்’, அதாவது ஹமோனும் வேண்டாம் சூரையும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு ஆம்லெட் முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு எங்கும் கிடைக்கும். செவியாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் செய்வார்கள், கோர்தோபாவில் கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் தக்காளி தேய்த்த ரொட்டி. கலீசியாவின் பத்ரோன் பச்சைமிளகாய் வறுவலையும் விடாதீர்கள், பெரும்பாலும் காரம் இருக்காது, எப்போதாவது ஒன்று சுரீர் என்று பிடிக்கும்.

சந்தைக்குப் போனால் வரிசை எதுவும் தெரியாது, ஆளாளுக்கு அங்கங்கே நிற்பார்கள். ஆனால் வரிசை இருக்கிறது. உள்ளே வந்ததும் ‘கியென் எஸ் எல் உல்திமோ?’ என்று பொதுவாகக் கேட்க வேண்டும், கடைசி ஆள் யார் என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். இனி நீங்கள்தான் கடைசி ஆள், அடுத்து வருகிறவருக்கு நீங்கள் கை தூக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு போங்கள், மீன்கடை முன்னால் நிற்கும் பாட்டிகள் உங்களோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதேபோல வட்டார மொழியில் இரண்டு சொல் போதும். கத்தலோனியாவிலும் வலென்சியாவிலும் காலை வணக்கத்துக்கு ‘போன் தியா’, வடக்கே பாஸ்க் நாடு என்னும் வட்டாரத்தில் வணக்கத்துக்கு ‘கைஷோ’, நன்றிக்கு ‘எஸ்கெர்ரிக் அஸ்கோ’. தன் மொழிக்காக நின்ற மக்கள் அவர்கள், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் காலத்தில் அந்த மொழிகள் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டிருந்தன, அந்த நினைவு உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பக்கத்து வட்டாரமான நவாராவில் ஹவியேர் கோட்டையையும் பார்க்கலாம். முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே வாழ்ந்த புனித சவேரியார் 1506-ல் பிறந்த இடம் அது. பரதவர்களின் மொழி வேறு, தன் தாய்மொழி பாஸ்க் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மார்ச் மாதத்தில் நவாரா மக்கள் அந்தக் கோட்டைக்குக் கூட்டம் கூட்டமாக நடந்தே போவார்கள். மணப்பாடு குகைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அங்கே நிற்பது தனி அனுபவம்.

பாஸ்க் நாட்டுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை போவது நல்லது, ஆப்பிள் சைடர் பருவம். சான் செபாஸ்தியானுக்குப் பக்கத்தில் அஸ்திகராகாவில் சைடர் வீடுகள் இருக்கின்றன. யாராவது ‘ச்சோச்’ என்று கூவினால் எல்லாரும் சாப்பாட்டை விட்டு எழுந்து போய், பீப்பாயிலிருந்து பீறிடும் சைடரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். சான் செபாஸ்தியான் பழைய நகரில் ஒரே கடையில் வயிறு நிரப்பாதீர்கள், ஒரு கடைக்கு ஒரு பின்ச்சோ, அதாவது ஒரு சிறு தீனி, அப்புறம் அடுத்த கடை. தெற்கே கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே தபா என்னும் சிறு தீனி இலவசமாக வரும்.

தெற்கே செவியாவின் ஏப்ரல் திருவிழா கண்ணைப் பறிக்கும், ஆனால் அங்கே கூடாரங்களில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தம், அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. மே மாதத்தில் ஹெரேஸ் அல்லது கோர்தோபா திருவிழாவுக்குப் போங்கள், அங்கே கூடாரங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கும். ஃபிளமெங்கோ கேட்க வேண்டுமென்றால் என் ஓட்டு ஹெரேஸுக்குத்தான், அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில். தம்போம்பா என்று பெயர். தெருவிலும் முற்றத்திலும் தீ மூட்டிச் சுற்றி நின்று கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் கைதட்டிப் பாடுவார்கள், மேடையும் இல்லை, பார்வையாளர் தனியாகவும் இல்லை. ஒன்று மட்டும், கைத்தாளத்தின் கணக்கு பிடிபடும் வரை நீங்கள் தட்டாதீர்கள். தப்பான இடத்தில் விழும் ஒரு தட்டு பாடுகிறவரைக் குலைத்துவிடும்.

கத்தலோனியாவில் மனிதக் கோபுரம். ஜூன் முதல் நவம்பர் வரை வாரக் கடைசிகளில் ஏதாவது ஒரு ஊர்ச் சதுக்கத்தில் நடக்கும், இந்தக் கலை பிறந்த ஊர் வால்ஸ். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சை அழுத்தி நிற்கும் அடித்தளத்துக்குப் பின்யா என்று பெயர், உச்சிக்கு ஏறும் குழந்தை ஒரு கையைத் தூக்கிக் காட்டினால்தான் கோபுரம் கட்டி முடிந்த கணக்கு. கூட்டத்தோடு நின்று படம் எடுப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் வார நாள் மாலையில் தன் இடத்தில் பயிற்சி செய்யும், முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல குழுக்கள் வெளியூர்க்காரரைப் பின்யாவில் சேர்த்துக்கொள்ளும். எங்கே நிற்க வேண்டும், தலையை எப்படிக் குனிந்து வைக்க வேண்டும் என்று ஒருவர் வந்து சொல்லித் தருவார். நிமிர்ந்து பார்க்கக் கூடாது, எனவே கோபுரத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், முன்னால் இருப்பவரின் முதுகு இறுகுவதையும் தளர்வதையும் வைத்துத்தான் மேலே என்ன நடக்கிறது என்று தெரியும்.

போக்குவரத்து: பெரிய நகரங்களுக்கு இடையே அதிவேக ரயில், முன்பதிவு செய்தால் மலிவு. வட்டாரத்துக்குள் பஸ்தான். கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லாமல் போகலாம், வெள்ளியன்றே நேரம் பார்த்துவிடுங்கள். கார் எடுப்பதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கொண்டுபோங்கள்.

கடைசியாக, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு. மாட்ரிட்டில் குடும்பக் கடைகள் பல மூடியிருக்கும், ஏனென்றால் எல்லாரும் புவெப்லோவுக்குப் போய்விட்டார்கள். புவெப்லோ என்றால் கிராமம், ஆனால் ‘என் புவெப்லோ’ என்று ஒருவர் சொல்லும்போது அது நாம் ‘சொந்த ஊர்’ என்று சொல்வதற்குச் சமம், அவர் பிறந்தது நகரமாகவே இருந்தாலும். மற்ற மாதங்களில் முதியவர்கள் மட்டும் இருக்கும் ஊர்கள் ஊர்த் திருவிழா வாரத்தில் நிரம்பி வழியும். ஊர்ப் புனிதரின் சப்பரம் வரும், சதுக்கத்தில் ஊருக்கே ஒரே பெரிய சட்டியில் சமைப்பார்கள், இரவு பன்னிரண்டுக்கு மேல் இசைக்குழு தொடங்கினால் எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே ஆட்டம். எந்த ஊரில் எந்த நாள் என்பது பார்களின் கதவிலும் நகராட்சிக் கட்டடத்திலும் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் இருக்கும், படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சமையலுக்குச் சில ஊர்களில் முன்னதாகவே சீட்டு வாங்க வேண்டும், பாரிலேயே விசாரிக்கலாம். அந்த வாரம் ஊரில் அறை கிடைக்காது, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் உள்ள அடுத்த ஊரில் முன்பே பதிவு செய்துவிடுங்கள், விடியற்காலை நாலு மணிக்கு எப்படித் திரும்புவது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.