பிள்ளைகளோடு முதல் ஸ்கீ விடுமுறை: இடம் பார்க்கும்போது விடுகிற தவறுகள்

போன பெப்ரவரியில் சுவிஸின் பேர்ண் ஓபர்லாண்ட் மலைப்பகுதியில், கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு லிப்டான கொண்டோலாவின் நிலையத்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பனின் தோளில் மூன்று சோடி ஸ்கீ. தாயின் ஒரு கையில் இரண்டு ஹெல்மெட், மற்றக் கையில் சாப்பாட்டுப் பை. சின்னவன் "அம்மா, கால் நோகுது" என்று ஸ்கீ சப்பாத்தோடு நிலத்தில் இருந்துவிட்டான். பனியில் இன்னும் ஓர் அடிகூட வைக்கவில்லை. அதற்குள் மூன்று பேருடைய முகமும் வாடிவிட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன் நாங்களும் அப்படித்தான் நின்றோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் என் பிள்ளைகளோடும் பெறாமக்களோடும் மலைக்குப் போகிறேன். நானும் முப்பத்தைந்து வயதில் ஸ்கீ பழகினேன். ஒக்டோபர் வந்தால் தொலைபேசி வரத் தொடங்கும்: "அக்கா, மகளுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ லாகர் இருக்கு. அதுக்கு முதல் பழக்க வேணும். எங்கே போகலாம்?" (லாகர் என்றால் பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தங்கவைக்கும் முகாம்.) கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய பெயரை மனதில் முடிவு செய்து வைத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹெல்மெட், சூடான உடுப்பு, காப்புறுதி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன்.

கிலோமீட்டரைப் பார்த்து இடம் எடுப்பது

இதுதான் எங்களுக்கு மிகவும் செலவு வைத்த தவறு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

அந்த இடத்தின் விளம்பரத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் சறுக்குப் பாதை என்று இருந்தது. படத்தில் நீல வானம், வெள்ளை மலை. நல்ல பெரிய இடம், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது என்று நம்பி ஒரு கிழமைக்கு வீடு எடுத்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. ஸ்கீ பழகும் பிள்ளை முதல் கிழமையில் பாவிப்பது நூறு மீட்டர் நீளமான ஒரு சரிவு மட்டும்தான். மிச்சம் இருநூறு கிலோமீட்டரும் வேறு ஆட்களுக்கு. ஆனால் அதற்கான காசு வீட்டு வாடகையிலும் லிப்ட் சீட்டிலும் சேர்ந்தே வருகிறது. பெரிய இடங்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் சீட்டு 70, 80 பிராங்க் ஆகும்.

அந்தச் சின்னச் சரிவு எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. அது ஊருக்குள் இல்லை, கொண்டோலாவில் ஏறிப் போகிற நடு நிலையத்தில் இருந்தது. முதல் நாள் காலையில் போய் நின்ற பிறகுதான் தெரியும். அப்போது எங்கள் இருவருக்கும் ஸ்கீ தெரியாது. ஆனாலும் பிள்ளைகளை மேலே கொண்டுபோய் விட ஆளுக்கொரு சீட்டு வாங்கவேண்டி இருந்தது. வகுப்பு 9.45க்கு. வீட்டிலிருந்து பஸ், பிறகு வரிசை, பிறகு கொண்டோலா. மகன் மேலே போய்ச் சேர்ந்ததும் மூத்திரம் வந்துவிட்டது என்றான். கையுறை, ஜாக்கெட், தோள்பட்டியோடு இருக்கும் ஸ்கீ காற்சட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முடிக்க வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் போய்விட்டது. மத்தியானம் பன்னிரண்டுக்கு இருவரும் களைத்துப் போனார்கள். ஊருக்குள் என்றால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்து சோறு கொடுத்துப் படுக்க வைத்திருக்கலாம். நாங்கள் இறங்குவதற்கும் வரிசையில் நின்றோம்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் நடந்ததுதான் பெரிய அடி. மகள் கம்பளத்தில் (நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டி) ஏறி, ஸ்கீ முனைகளைச் சேர்த்துப் 'பீட்சா' போட்டு நிற்கப் பழகிவிட்டாள். அடுத்த படிக்கு அந்த இடத்தில் இருந்தது பியூகல் லிப்ட். டி எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தடி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, பின்னால் தள்ளி இழுத்துக்கொண்டு போகும். அதில் இருக்கக் கூடாது, நின்றபடியே போக வேண்டும். பெரியவர் ஒருவரோடு சின்னப் பிள்ளை நின்றால் தடி பெரியவருக்குத் தொடையிலும் பிள்ளைக்கு முதுகிலும் வரும். மகள் பாதி வழியில் மூன்று தரம் விழுந்தாள். மூன்றாம் தரம் லிப்டை நிறுத்தினார்கள், பின்னால் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அன்று பின்னேரம் சப்பாத்தைக் கழற்றியவள் அடுத்த குளிர்காலம் முழுக்கத் திரும்பப் போடவில்லை. காசு போனால் உழைக்கலாம். ஆசையோடு வந்த பிள்ளைக்கு ஒரு வருடம் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் வீடு பார்ப்பதற்கு முன் அந்த இடத்தின் பாதை வரைபடத்தை எடுத்து மேசையில் விரியுங்கள். பெரிய சிகரங்களைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பழகும் இடத்தைத் தேடி அதில் விரலை வையுங்கள். வீட்டிலிருந்து அங்கே நடந்து போகலாமா? ஐந்து வயதுப் பிள்ளை ஸ்கீ சப்பாத்தோடு முந்நூறு மீட்டர் நடப்பதே பெரிய காரியம். பக்கத்தில் கழிப்பறையும் சூடாக இருக்க ஓர் இடமும் உண்டா? பிறகு விரலை எடுக்காமல் அடுத்த லிப்டைப் பாருங்கள். கம்பளத்துக்குப் பிறகு என்ன? சின்னக் கயிற்று லிப்டா, தட்டு லிப்டா, பியூகலா, இருக்கை லிப்டா? இருக்கை லிப்ட் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் 1.25 மீட்டருக்கு உயரம் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் ஏற வேண்டும். வகுப்பில் என்றால் ஆசிரியர் வரிசையில் நிற்கும் பெரியவர்களிடம் ஆளுக்கொரு பிள்ளையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். வகுப்பு முடிந்த பிறகு உங்கள் பிள்ளையோடு யார் ஏறுவது, யார் சறுக்கி இறங்குவது என்று இப்போதே யோசியுங்கள்.

கடைசியாக, அந்த லிப்டிலிருந்து இறங்கும் பாதையின் நிறம். பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு. சுவிஸில் பச்சை இல்லை, நீலத்தில்தான் தொடக்கம். நீலம் என்றால் சரிவு பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் போகாது, சிவப்பு 40 வரை. ஆனால் நிறம் சரிவை மட்டும்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. காட்டுக்குள்ளால் போகும் ஒடுங்கிய தெருவும் நீலம்தான். ஒரு பக்கம் பள்ளம். பீட்சா போடுகிற பிள்ளைக்கு அதில் காலை அகட்டவே இடம் போதாது, பயந்து நின்றுவிடும். அகலமான நீலப் பாதை ஒன்று, ஏறின அதே லிப்டடிக்குத் திரும்பி வருவதாக இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்கும் அது காணும்.

வரைபடத்தில் புரியாவிட்டால் அந்த ஊர் ஸ்கீ பள்ளிக்கு ஒரு தொலைபேசி அடித்து இந்த மூன்றையும் கேளுங்கள். ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்வது வெங்கன், பெட்மரால்ப், சாஸ்-பே. மூன்றிலும் ஊருக்குள் கார் இல்லை, பழகும் சரிவு வீடுகளுக்குப் பக்கத்தில். பெட்மரால்பில் ஊர்த் தெருவே பனிதான், வீட்டு வாசலில் ஸ்கீயைப் பூட்டலாம். கிரின்டல்வால்டு பெரிய இடம் என்றாலும் பொட்மி என்ற பழகும் சரிவு ஊரோடு சேர்ந்தே இருக்கிறது.

உயரத்தை யோசிக்காமல் விடுவது

வெங்கன் 1274 மீட்டர்தான். 1500க்குக் கீழே இப்போதெல்லாம் பெப்ரவரியில்கூட மழை பெய்யலாம். அதற்காக மூவாயிரத்துக்கு ஓடவும் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏற ஏறக்குறைய 6.5 பாகை குளிர் கூடும், அதோடு காற்று வேறு. அசையாமல் முறைக்காகக் காத்து நிற்கும் பிள்ளைக்கு அது தாங்காது. 1500க்கும் 2000க்கும் நடுவில் பழகும் சரிவு இருந்தால் நல்லது. பெட்மரால்பும் சாஸ்-பேயும் அந்தக் கணக்குக்குள் வரும்.

அடுத்த வருடமும் போடலாம் என்று பெரிய சப்பாத்து

எங்கள் ஆட்களிடம் இது ஊறிப்போன பழக்கம். பள்ளிச் சப்பாத்துக்குச் சரி, ஸ்கீ சப்பாத்துக்குச் சரிவராது. குதிக்கால் உள்ளே தூக்கினால் பிள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது. ஸ்கீ சப்பாத்தின் அளவு சென்டிமீட்டரில் இருக்கும், பாதத்தை அளந்து பார்க்கலாம். இடைவெளியை நிரப்ப இரண்டு காலுறை போட்டால் இரத்தவோட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். மெல்லிய நீளக் காலுறை ஒன்று போதும். இலையுதிர் காலத்தில் கடைகளில் சீசன் வாடகைக்கு ஸ்கீயும் சப்பாத்தும் சேர்த்துக் கொடுப்பார்கள், வளரும் பிள்ளைக்கு அதுதான் மலிவு. தொடங்குகிற பிள்ளைக்கு ஸ்கீ நெஞ்சுக்கும் நாடிக்கும் நடுவில் வர வேண்டும்.

கையுறை

இரண்டு சோடி. விரல் பிரியாதது.

நாங்களே பழக்கலாம்

வேண்டாம். ஐந்து நாள் வகுப்புக்குக் காசு கட்டுங்கள்.

எங்கள் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது

செய்யும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதனால் கதிர் கீழிருந்தும் முகத்துக்கு வரும். என் பெறாமகளின் நாடிக்குக் கீழேயும் மூக்குத் துளையைச் சுற்றியும் தோல் உரிந்ததை இரண்டு நாள் மருந்து பூசிப் பார்த்தவள் நான். மேலே பார்க்கும் இடத்துக்குக் கிரீம் பூசினோம், கீழே பார்க்கும் இடத்துக்குப் பூசவில்லை.

எல்லோரும் போகிற கிழமையில் போவது

ஸ்போர்ட் விடுமுறை, அதாவது பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த நெரிசல் கிழமையைத் தவிர்க்க முடியாது என்றால் வகுப்பை ஒக்டோபரிலேயே பதிந்துவிடுங்கள். பிள்ளை இன்னும் கிண்டர்கார்ட்டன் தொடங்கவில்லை என்றால் ஜனவரி நடுப்பகுதி. சரிவும் வெறுமை, வாடகையும் குறைவு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெளிக்கிடுவது

பாதை நெரிசலுக்குப் பயந்து ஒருமுறை அப்படி வந்துவிட்டோம். வகுப்பின் கடைசி நாள்தான் பிள்ளைகளின் ஓட்டப் போட்டி, கழுத்தில் பதக்கம் போடுவார்கள். மகன் பேர்ண் வந்து சேரும் வரை அந்தப் பதக்கத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தான். வீட்டைச் சனிக்கிழமை வரை எடுங்கள்.