பழைய லேத்தைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடிப்போன மில்களின் பட்டறைச் சாமான்கள் கோவையில் விலைக்கு வரும்போது பழைய லேத்துகளும் (கடைசல் இயந்திரங்கள்) வருகின்றன. வாளையார் தாண்டியோ கோபாலபுரம் வழியாகவோ கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வீட்டு ஷெட்டுகளுக்குப் போய்ச் சேர்பவை அவற்றில் உண்டு. நல்ல வார்ப்பிரும்பு பெட் (மற்ற பாகங்களைத் தாங்கும் நீளமான அடித்தளம்) பல பத்தாண்டு ஓடியும் நேராக நிற்கும். அந்த நேர்த்தி சீர்செய்யத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கெட்டுப்போவதுதான் வருத்தம்.

முதல் சேதம் வண்டியில் ஏற்றும்போதே நடக்கிறது. எடையில் பெரும்பங்கு ஹெட்ஸ்டாக் (சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பகுதி) பக்கம் இருப்பதால் லேத் சட்டென்று சாயும். தூக்கும் பெல்ட் பெட்டுக்கு அடியில் போக வேண்டும், முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் லீட் ஸ்க்ரூவிலோ ஃபீட் ராடிலோ அழுத்தம் விழக்கூடாது. சேடிலையும் (டூலைத் தாங்கி பெட்டில் நகரும் பகுதி) டெயில்ஸ்டாக்கையும் (எதிர்முனைத் தாங்கி) ஹெட்ஸ்டாக்குக்கு எதிரான கடைக்கோடிக்குத் தள்ளிப் பூட்டினால் எடை ஓரளவு சமன்படும்.

பெட்டில் துருவைப் பார்த்ததும் கிரைண்டரையோ எமரித் தாளையோ எடுப்பது திருத்தவே முடியாத தவறு. எமரித் துகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு, சேடில் நகரும்போதெல்லாம் இரண்டு முகங்களையும் தின்னும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பிளேடைப் படுக்கையாகப் பிடித்துத் துருவைச் சுரண்டுங்கள். மிச்சத்தை எண்ணெய் தொட்ட 0000 நம்பர் ஸ்டீல் வூலால் துடைத்தால் போதும். கறுப்புக் கறையும் சிறு குழிகளும் அப்படியே இருக்கட்டும், வேலைக்கு அவை இடைஞ்சல் இல்லை. சிறு இரும்புப் பாகங்களைச் சலவை சோடாக் கரைசலில் மின்சாரம் விட்டுத் துரு நீக்குபவர்கள் எதிரே வைக்கும் தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தவே கூடாது. நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும்.

இடவப்பாதி மழை (கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பிறகு, துடைத்த பெட்டை வெறுமனே விட்டால் மறுநாள் காலையில் செம்மஞ்சள் படலம் பிடித்திருக்கும். சுத்தம் செய்த அன்றே எண்ணெய் பூசுங்கள். சாக்கு போட்டு மூடினால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், எண்ணெய் நனைத்த பருத்தித் துணி நல்லது. பழைய பெயிண்ட்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

அதிகம் உடைவது கியர் பற்கள்தான், காரணம் கழற்ற வராத சக் (வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்). மரை போட்ட ஸ்பிண்டிலில் (சக்கைச் சுழற்றும் தண்டு) சக் இறுகியிருந்தால், பேக் கியரைச் (வேகத்தைக் குறைக்கும் துணைக் கியர்) சேர்த்துவிட்டு, பெரிய கியரைப் புல்லியோடு பூட்டும் பின்னையும் எடுக்காமல் ஸ்பிண்டிலைப் பூட்டி, சக்கைத் தட்டுவார்கள். முழு அடியும் இரண்டு மூன்று வார்ப்பிரும்புப் பற்களில் போய் விழும், அவை உதிர்ந்துவிடும். அந்தக் கியர் கடையில் கிடைக்காது, புதிதாக வெட்டித்தான் வாங்க வேண்டும். அதற்குப் பதில் மரை தொடங்கும் இடத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள், தீப்பற்றும் எண்ணெய் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு, சக்கின் பின்பக்கத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். சக் விழுந்தால் தாங்க பெட்டின் மேல் ஒரு பலகை போடுங்கள். பின்பக்க பெட்டுக்கும் சக்கின் ஒரு ஜாவுக்கும் (பிடிக்கும் பல்) இடையில் கெட்டி மரக்கட்டையைச் செருகி, பேக் கியர் இல்லாமல் பெல்ட் புல்லியைக் கையாலேயே பின்னோக்கி வெடுக்கென்று இழுங்கள். மோட்டாரைப் போடக்கூடாது. ஒரே நாளில் வராவிட்டால் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

ஸ்பிண்டிலைக் காரணமில்லாமல் கழற்றாதீர்கள். முதலில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் அளவி) வைத்து ஆட்டத்தை அளந்து பாருங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் பேரிங் மூடியின் இரு பக்கத்திலும் எத்தனை ஷிம் தகடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), எந்த வரிசையில் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

ஆங்கிலேயத் தயாரிப்பாக இருந்தால் மரைகள் பெரும்பாலும் விட்வொர்த்தாக (பழைய ஆங்கிலேய மரை அளவுமுறை) இருக்கும். அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க முறையான யூஎன்சியில் 13. யூஎன்சி போல்ட் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று ஸ்பானர் போட்டு இறுக்கினால் பெட்டில் இருக்கும் மரை அறுந்துவிடும்.

சேடில் ஆடுகிறது என்று சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி ஜிப்பை (நகரும் பாகத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டைத் தகடு) இறுக்குவது இன்னொரு வழக்கமான பிழை. லேத் எங்கே அதிகம் வேலை செய்ததோ அங்கேதான் பெட் தேய்ந்திருக்கும், அதாவது சக்கை ஒட்டி. அங்கே இறுக்கினால் தேயாத டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சேடில் சிக்கிக்கொள்ளும். ஜிப்பை டெயில்ஸ்டாக் பக்கம் வைத்துச் சரிசெய்துவிட்டு, சக்குப் பக்கத்து ஆட்டத்தை டயல் கேஜால் அளந்து குறித்து வையுங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலில் கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பயம் வேண்டாம், எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் போதும்.

எண்ணெய்த் துளைகளைப் பெயிண்ட்டும் பட்டியும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிரீஸ் அடைக்கவே அடைக்காதீர்கள். கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷுக்கு எண்ணெய்தான் வேண்டும். தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் ஸ்பிண்டிலுக்கு விஜி (எண்ணெயின் பாகுநிலை எண்) 32, பெட்டுக்கு விஜி 68 பொருந்தும். கார் என்ஜின் ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் அழுக்கை அடியில் தங்கவிடாமல் மிதக்க வைக்கும். ஃபில்டர் இல்லாத ஹெட்ஸ்டாக்கில் அந்த அழுக்கு பேரிங்குக்குள் போகும்.

டேப்பராக (ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து) வெட்டினால் உடனே ஹெட்ஸ்டாக்கைத் திருப்பாதீர்கள், முதலில் பெட் முறுக்கைப் பாருங்கள். சுமார் 30 மி.மீ. தடிமனுள்ள கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. வெளியே விட்டு, கூரான டூலால் மெல்லிய வெட்டு எடுத்து இரு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வெளிமுனை தடிமனாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, மறுபடி வெட்டிப் பாருங்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாரை வீட்டு 230 வோல்ட்டில் விஎஃப்டி (ஒரு ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றி வேகத்தையும் கட்டுப்படுத்தும் கருவி) வைத்து ஓட்டுபவர்கள் மோட்டார் டெல்டாவில் (சுருள்களை முக்கோணமாக இணைக்கும் முறை) 230 வோல்ட்டுக்கு இணைக்கத் தகுந்ததா என்று நேம் பிளேட்டில் பார்க்க வேண்டும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் இடையில் சுவிட்ச் போடக்கூடாது. மரை போட்ட சக் இருந்தால் ரிவர்ஸும் திடீர் பிரேக்கும் கூடாது, விஎஃப்டியில் இரண்டையும் அடைத்துவிடுங்கள். ஸ்பிண்டில் சட்டென்று நின்றாலே சக் தன் வேகத்தில் மரையிலிருந்து கழன்று வெளியே வரும்.